மண்ணுக்குள் இருந்த குளம்

மின்னேரியாக் குளத்தை மகாசேனன் கட்டினான், பராக்கிரம சமுத்திரத்தைப் பராக்கிரமபாகு கட்டினான் என்று மாணவருக்குக் கற்பிக்கின்றோம். அவற்றுக்கு நீரூட்டும் அம்பன் கங்கை, மழை ஓய்ந்த பின்னும் எவ்வாறு ஓடுகின்றது என்று நாம் கேட்பதில்லை. மாத்தளை மலைகளின் மண்ணே முதற் குளம். அதை வெட்டியவை வேர்கள்.

ஆழ வேரோடும் மரமும், மேல்மண்ணில் வேர் பரப்பும் செடியும், நிலத்தைப் போர்த்தும் பூண்டும் கூடி வளருமிடத்தில் மண் பல மட்டங்களிலும் துளைபடுகின்றது. செத்த வேர் விட்ட துளையும் மண்புழு குடைந்த வழியும் மழைநீரைக் கீழே இறக்குகின்றன. உதிர்ந்த இலை மழைத்துளியின் அடியைத் தாங்குகின்றது. பின்னர் உக்கி மண்ணை இளக்குகின்றது. ஜெர்மனியின் ஜெனா நகரில் 2002இல் தொடங்கிய புல்வெளி ஆய்வில், 1 முதல் 60 வரை செடிவகைகள் கொண்ட பாத்திகள் ஒப்பிடப்பட்டன. வகைகள் பெருகியபோது மண்ணின் கட்டமைப்புச் சீர்பட்டு நீர் எளிதில் இறங்கியது. எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது. அவரையினச் செடிகள் நீர் இறங்கத் துணைநின்றன, புல்லினங்கள் அதனைக் குறைத்தன.

இம்மண்ணுக்கு நேர்ந்தது என்ன? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாக்கியது. 1844 வரை ஏக்கர் 5 சிலிங்குக்கே நிலம் விற்கப்பட்டது. காடு வெட்டி எரிக்கப்பட்டது. கோப்பி ஒன்றே நடப்பட்டது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வழியிலேயே மாண்டனர். 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி மூண்டது. 1869இல் தோன்றிய இலைநோய், ஒரே பயிர் நிறைந்த மலைகளில் தடையின்றிப் பரவிக் கோப்பியை வீழ்த்தியது.

பின்வந்த தேயிலையும் தனிப்பயிரே. வரிசைகளின் இடையே புல்லும் பூண்டும் இராதபடி சுரண்டியால் செதுக்கப்பட்டன. வெறுமையான சரிவில் நீர் இறங்கவில்லை, மண்ணோடு ஓடியது. மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலும் வந்தன. அதற்குள் ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது.

மாத்தளைக் கிராமத்துத் தோட்டத்திலோ பலாவும் கமுகும் ஓங்கி நிற்க, கிளிரிசிடியாவில் மிளகுக்கொடி படர, நிழலில் கொக்கோவும் இஞ்சியும் வளர்கின்றன. அந்தக் கிளிரிசிடியாவும் அவரையினமே. ஆய்வுகூடம் அறியுமுன்பே அனுபவம் அறிந்த பாடம் இது.

ஆனால் பலவகை மரம் நடுவதற்குச் சொந்த நிலம் வேண்டும். சுரண்டி பிடித்த தொழிலாளிக்கு அது இருக்கவில்லை. மண்ணைக் கெடுத்தது அந்தக் கை என்று எழுதுவது வரலாறாகாது. கையை ஏவிய உடைமைமுறையை எழுதுவதே வரலாறு. மலைக்கு மரங்களைத் திருப்பித் தருவோர், மரம் நடுபவருக்கு மண்ணையும் தரவேண்டும்.