கோயாஸ் நகரின் அமைதி: ஒரு பழைய தலைநகரின் வரலாறு

பிரேசில் நாட்டின் நடுவண் மேட்டுநிலத்தில், கோயாஸ் மாநிலத்தின் இன்றைய தலைநகரான கோயானியாவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், 'பொன்மலை' எனப் பொருள்படும் சேர்ரா தோராதா மலைத்தொடரின் அடிவாரத்தில், மாநிலத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கோயாஸ் என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. 'செவ்வாறு' எனப்படும் ரியோ வெர்மேல்யோ ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. அதன் இரு கரைகளிலும் கரடுமுரடான கல் பாவிய தெருக்களும், வெள்ளையடித்த மண்சுவர்களும், வண்ணம் பூசிய மரச் சன்னல்களும் கொண்ட தாழ்வான வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 25 ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் இவ்வூருக்கு, அவசரமின்றிப் பயணம் செய்ய விரும்புவோர் வந்து சில நாட்கள் தங்கிச் செல்கின்றனர். அவர்கள் இங்கே தேடி வருவது அமைதி. அந்த அமைதி இயற்கையாக வாய்த்தது என்று எண்ணுவது எளிது. உண்மையில் அதற்கு ஒரு வரலாறு உண்டு; அதன் ஒரு பகுதிக்கு அரசாணையின் தேதியும்கூட உண்டு.

ஊரின் தொடக்கம் பொன்வேட்டையில் உள்ளது. சாவோ பாவுலோவிலிருந்து உள்நாட்டுக்குள் புகுந்து, பழங்குடி மக்களை அடிமைகளாகப் பிடிப்பதையும் கனிமங்களைத் தேடுவதையும் தொழிலாகக் கொண்ட ஆயுதம் தாங்கிய குழுக்களுக்குப் 'பண்டெய்ரா' என்று பெயர். கொடி என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அத்தகைய குழுவொன்றின் தலைவரான பார்த்தொலொமேவு புவேனோ த சில்வா என்பவர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதிக்கு வந்தபோது, ஒரு தட்டில் கரும்புச் சாராயத்தை ஊற்றித் தீ மூட்டி, பொன் கிடைக்கும் இடத்தைக் காட்டாவிட்டால் ஆறுகளையும் இவ்வாறே எரித்துவிடுவதாகப் பழங்குடியினரை மிரட்டினார் என்றும், அதனால் 'கிழப் பிசாசு' எனப் பொருள்படும் அன்யங்குவேரா என்னும் துப்பி மொழிப் பெயரைப் பெற்றார் என்றும் வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. அதே பெயரைத் தாங்கிய அவருடைய மகன், 1722-இல் சாவோ பாவுலோவிலிருந்து புறப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அலைந்து, 1725-இல் பொன்னுடன் திரும்பினார். 1727-இல் செவ்வாற்றங்கரையில் புனித அன்னம்மாளின் பெயரால் ஒரு சுரங்கக் குடியிருப்பை நிறுவினார். அது 1739-இல் நகராட்சித் தகுதி பெற்று விலா போவா த கோயாஸ் ஆயிற்று. 'போவா' என்பதற்கு 'நல்ல' என்று பொருள். எனினும் புவேனோ என்னும் குடும்பப் பெயரும் அதே பொருளுடையது என்பதால், அது நிறுவனருக்குச் செய்த மரியாதையுமாகும். பெயரின் பிற்பாதி, அங்கே வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கோயா என்னும் மக்களைக் குறிக்கிறது. அவர்களுடைய மொழி எது, மரபு எது என்று ஆராய்வதற்குக்கூடத் தடயம் எஞ்சாதபடி அம்மக்கள் மறைந்தனர். ஊர்ப்பெயரில் மட்டும் நிலைத்தனர்.

ஆற்று மணலையும் கரைச் சரளையையும் மரத்தட்டுகளில் அலசிப் பொன் அரிக்கும் வேலையைச் செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளே. போர்ச்சுகல் அரசு தன் பங்காக ஐந்திலொரு பகுதியை எடுத்துக்கொண்டது. 'கின்த்தோ' எனப்பட்ட அவ்வரியை நேராக வசூலிக்க முடியாத காலத்தில், அரிக்கப்படும் பொன்னைக் கணக்கிடுவதற்கு மாறாக, அடிமைகளின் தலையை எண்ணி வரி விதித்தது. 1748-இல் கோயாஸ் சாவோ பாவுலோவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஆட்சிப் பகுதியாகி, அடுத்த ஆண்டில் முதல் ஆளுநரான ஆர்க்கோஸ் பிரபு வந்து சேர்ந்தார். 1752-இல், பொன்தூளை உருக்கி, வரியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சியதை முத்திரையிட்ட கட்டிகளாகத் திருப்பித் தரும் உருக்காலை இவ்வூரில் திறக்கப்பட்டது. பொன் களவாகக் கடத்தப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, வடக்கே கடலை நோக்கி ஓடும் தொக்கான்தின்ஸ் ஆற்றில் படகுப் போக்குவரத்தை அரசு நெடுங்காலம் தடைசெய்திருந்தது. அத்தடை 1780களில்தான் நீங்கியது. விளைவாக, ஆறுகள் அருகிலிருந்தும், உப்பும் இரும்பும் துணியும் தெற்கிலிருந்து தரைவழியாகவே, கோவேறு கழுதைகளின் முதுகில் வந்தாக வேண்டியிருந்தது. கோயாஸ் பிற்காலத்தில் 'ஒதுங்கிக் கிடந்த ஊர்' எனப் பழிக்கப்பட்டதற்கான முதற்காரணம் இந்த வரிக்கொள்கையே அன்றி, மலையும் காடும் அல்ல.

அந்தத் தரைவழிப் பயணத்தின் இயல்பை அறிந்தால்தான் ஊரின் பிற்கால வரலாறு விளங்கும். கழுதைக் கூட்டங்களை ஓட்டிச் சரக்கு கொண்டுசெல்வோர் 'ட்ரொப்பெய்ரோ' எனப்பட்டனர். கழுத்தில் மணிகள் கட்டிய பெண்குதிரையொன்று முன்செல்ல, மற்றவை அந்த ஓசையைப் பின்பற்றி நடந்தன. அக்குதிரைக்கு 'மத்ரீன்யா', அதாவது ஞானத்தாய், என்று பெயர். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு லேகுவா, அதாவது இருபது முதல் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவே நடக்க முடிந்தது. மாலையில் சுவரில்லாத கூரைக் கொட்டகைகளில் சுமையை இறக்கி, கழுதைகளை மேயவிட்டு, பருப்பும் மரவள்ளி மாவும் உப்புக்கண்டமும் சமைத்து உண்டு, தோலை விரித்து உறங்கினர். மறுநாள் காலையில் ஒரு கழுதை காணாமற்போனால் அன்றைய பயணம் அத்துடன் நின்றது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று விருப்பத்தின் பேரில் மேற்கொள்ளப்படும் மெதுவான பயணம் அன்று வேறு வழியற்றதாக இருந்தது.

ஐரோப்பியத் தாவரவியலாளர்களும் இவ்வழியாகவே வந்தனர். பிரெஞ்சுக்காரரான ஒகுஸ்த் த சேன்-இலேர் 1819-இல் இந்நகரை அடைந்தார். ஆஸ்திரிய இளவரசி லெயோபோல்தினாவின் திருமணத்தையொட்டி அனுப்பப்பட்ட அறிவியல் குழுவைச் சேர்ந்த யோஹான் எமானுவேல் போல் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தார். ஆங்கிலேயரான வில்லியம் பர்ச்செல் 1827-இல் வந்து மறு ஆண்டுவரை பல மாதங்கள் தங்கி, தெருக்களையும் சுற்றியுள்ள குன்றுகளையும் நுணுக்கமாகப் பென்சிலால் வரைந்தார். மூவரும் வந்தது, 1750களில் உச்சத்தைத் தொட்ட பொன் விளைச்சல் இறங்கி நெடுநாள் கழிந்த பின்னர். ஆகவே, குறிப்பாகச் சேன்-இலேரும் போலும் எழுதிய நூல்களில் சிதைந்த வீடுகள், வறுமை, சோம்பல், வீழ்ச்சி ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. உழைப்பையும் வாணிகத்தையும் ஐரோப்பிய அளவுகோலால் அளந்தவர்களுக்கு, ஊர் ஓய்ந்துபோனதாகவே தோன்றியது.

அவர்களுடைய சான்றை அவர்களுடைய குறிப்புகளைக் கொண்டே சோதிக்க முடியும் என்பதுதான் சுவையானது. கோயாஸ் பகுதியிலேயே உள்ள மெய்யா போன்த்தே, இன்று பிரெனோப்போலிஸ் எனப்படும் ஊரின் வீடுகள் வாரநாட்களில் பூட்டிக் கிடப்பதையும், அவற்றின் உடைமையாளர்கள் பெரும்பாலும் உழவர்கள் என்பதையும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் மட்டும் ஊருக்கு வருவதையும் சேன்-இலேர் தாமே பதிவு செய்கிறார். அதாவது மக்கள் அழியவில்லை. பொன்னை விட்டு மண்ணுக்கும் மாட்டுக்கும் திரும்பியிருந்தனர். பூட்டிய கதவு, வீழ்ச்சியின் அடையாளமாவதும் செவ்வாய்க்கிழமையின் அடையாளமாவதும் பார்ப்பவரைப் பொறுத்தது. பயணிகள் உருவாக்கிய இந்த 'வீழ்ச்சி' என்னும் கருத்தைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டதை நஸ்ர் ஃபயாத் ஷாவுல் என்னும் கோயாஸ் வரலாற்றாசிரியர் 1990களில் விரிவாக மறுத்துள்ளார். அவருடைய மறுப்பு பொதுவாகச் சரியானதே. வரி குறைந்தது அரசுக்கு வீழ்ச்சி. கால்நடை வளர்த்துத் தன் உணவைத் தானே விளைவித்துக்கொண்ட குடும்பத்துக்கு அது வீழ்ச்சியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

ஓய்ந்ததாகச் சொல்லப்பட்ட அந்த நூற்றாண்டில்தான், மெய்யா போன்த்தேயில் 1806-இல் பிறந்து கோயாஸில் குடியேறிய வேய்கா வாலே என்னும் சிற்பி, கேதுரு மரத்தில் புனிதர்களின் உருவங்களைச் செதுக்கி வண்ணமும் பொன்னும் பூசினார். அவற்றுள் பல இன்று நல்மரண அன்னை ஆலயத்திலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. சமையலறைகளில் வேறொரு சிற்பக்கலை வளர்ந்தது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, ஆறும்போதே கையால் இழுத்து இழுத்து வெண்மையாக்கி, புறா, மலர், மீன் ஆகிய வடிவங்களாகக் கிள்ளிச் செய்யும் 'அல்ஃபெனீம்' என்னும் இனிப்பு இவ்வூரின் தனிச் சிறப்பாயிற்று. அச்சொல் அரபு மொழியிலிருந்து போர்ச்சுகீசியத்துக்கு வந்தது; அரபுக்குப் பாரசீகத்திலிருந்தும், பாரசீகத்துக்கு வடமொழியின் 'பாணிதம்', அதாவது கரும்புப் பாகு, என்னும் சொல்லிலிருந்தும் சென்றது. கரும்பும் அதன் சொல்லும் உலகைச் சுற்றிவந்து, ஒரு பொன்னூரின் அடுக்களையில் புறாவாக முடிந்தன.

பொன் குறைந்ததற்குப் பிறகு, ஊரின் இரண்டாவது இழப்பு அரசியலால் நேர்ந்தது. 1930-ஆம் ஆண்டுப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த ஜெத்தூலியோ வார்கஸ், கோயாஸ் மாநிலத்தை ஆள மருத்துவரான பேத்ரோ லுதொவிக்கோ தெய்ஷெய்ராவை நியமித்தார். இதே ஊரில் 1891-இல் பிறந்த அவரே, தலைநகரை இங்கிருந்து அகற்றியவர். மலைகள் சூழ்ந்த வெப்பம், குடிநீர்த் தட்டுப்பாடு, கழிவுநீர் வசதியின்மை, இரயில் பாதை எட்டாத தொலைவு ஆகியவை காரணங்களாகக் காட்டப்பட்டன; அவை பொய்யல்ல. ஆயினும், அதுவரை மாநில அரசியலைக் கைக்குள் வைத்திருந்த கயாதோ குடும்பத்தின் செல்வாக்கு இத்தெருக்களில்தான் வேரூன்றியிருந்தது என்பதும், ஊரை மாற்றுவது அவ்வேரை அறுப்பதற்குச் சமம் என்பதும் எவருக்கும் மறைவாக இல்லை. நூறாண்டுக்கு முந்தைய பயணிகளின் 'வீழ்ச்சி' என்னும் சொல்லே இப்போது நிர்வாக அறிக்கைகளின் சொல்லாயிற்று. 1933 அக்டோபர் 24 அன்று, கட்டடக் கலைஞர் அத்தீலியோ கொர்ரேயா லீமாவின் திட்டப்படி அமையவிருந்த கோயானியாவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது; 1937 மார்ச் 23 அன்று வெளிவந்த ஆணை தலைநகரை அங்கே மாற்றியது. அலுவலர்களும் வணிகர்களும் கிளம்பிச் சென்றனர். எஞ்சியவர்கள் இடிக்கவும் புதிதாகக் கட்டவும் பணமில்லாதவர்கள். பழைய வீடுகள் பிழைத்தது பெரும்பாலும் அதனால்தான். பணமும் ஆர்வமும் இருந்த இடத்தில் நடந்தது வேறு: கறுப்பின மக்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய செபமாலை அன்னை ஆலயத்தை இடித்துவிட்டு, தொமினிக்கன் துறவியர் 1930களில் கூர்வளைவுப் பாணியில் புதிய ஆலயம் எழுப்பினர்.

1760களில் கட்டப்பட்ட நகரமன்றக் கட்டடம், மேல்தளத்தில் மன்றமும் கீழ்த்தளத்தில் சிறையுமாக அமைந்தது; கைதிகள் மேல்தளத் தரையிலுள்ள திறப்பு வழியாகவே கீழே இறக்கப்பட்டனர். அது 1950 வரை சிறையாகவே இயங்கிப் பின்னர் அருங்காட்சியகமாயிற்று. அதே காலத்தில் தொல்பொருள் காப்புத்துறை ஊரின் கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியது. ஊரின் பெயரை நாடு முழுவதும் கொண்டுசென்றவர் ஒரு பெண்மணி: 1889-இல் ஆற்றுப் பாலத்தருகே பிறந்து, 1911-இல் ஊரைவிட்டுச் சென்று, 45 ஆண்டுகள் கழித்துத் திரும்பி, பழங்களைச் சர்க்கரையில் பதப்படுத்தி விற்று வாழ்ந்த கோரா கொராலினா, தம் முதற்கவிதை நூலை 1965-இல், எழுபத்தைந்து வயதில், வெளியிட்டார். பெரிய வியாழன் பிறக்கும் நள்ளிரவில் தெருவிளக்குகளை அணைத்துவிட்டு, முக்காடணிந்த நாற்பது பேர் தீப்பந்தங்களுடன் பறை முழங்க ஓடி, கிறிஸ்துவைக் கைதுசெய்யும் நிகழ்ச்சியை நடித்துக் காட்டும் 'ஃபொகரேயு' பவனியும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே. அதை 1745-இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார் தொடங்கினார் என்பது மரபுச் செய்தி; இன்றைய உருவில் அதை மீட்டமைத்தது 1960களில் ஊர்மக்கள் ஏற்படுத்திய கலை மரபுச் சங்கம். தலைநகர்த் தகுதியை இழந்த ஊர், தன் பழமையைத் தானே தொகுத்துக்கொண்டது என்று இதைச் சொல்லலாம்.

2001 டிசம்பரில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த மாதத்தின் கடைசி நாளிலேயே செவ்வாறு கரைபுரண்டு, நிறுவனரின் நினைவாக நின்ற சிலுவையை அடித்துச் சென்று, கோரா கொராலினாவின் வீட்டுக்குள்ளும் புகுந்தது. சேதங்கள் பின்னர்ச் சீர்செய்யப்பட்டன. கசப்புச் சுவையுள்ள குவாரிரோபா என்னும் பனைக்குருத்தும் கோழிக்கறியும் வைத்துச் சுடும் உள்ளூர்ப் பணியாரத்தை உண்டு, சாயங்காலத்தில் திண்ணையோரம் நாற்காலி போட்டு அமர்ந்திருப்போரைப் பார்த்துச் செல்லும் இன்றைய பயணி, சேன்-இலேர் கண்டு வருந்திய அதே ஓய்வையே கண்டு மகிழ்கிறார். இரு பார்வைகளிலும் ஊர்மக்களின் உழைப்பு கண்ணில் படுவதில்லை. பழிப்பும் பாராட்டும் இவ்வகையில் ஒன்றே. தலைநகரை மாற்றிய பேத்ரோ லுதொவிக்கோவின் மகன் மவுரோ போர்ஜஸ் ஆளுநராக இருந்த 1961-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வோராண்டும் ஜூலை மாதத்தில், புனித அன்னம்மாளின் திருநாளையொட்டி, மாநில ஆளுநர் தம் அலுவலகத்துடன் இவ்வூருக்கு வந்து ஆணைகளில் கையெழுத்திடுகிறார். அந்தச் சில நாட்களுக்குக் கோயாஸ் மீண்டும் தலைநகராகிறது.