சிருங்காரமும் ஆடன்மகளிர் உரிமையும்

தெய்வக் காதலை ஆடியும் பாடியும் காட்டிய மகளிரின் உடல்மீது உரிமையுடையார் யாவர் என்னும் வினா, தமிழகக் கலை வரலாற்றில் பலகாலும் எழுந்துள்ளது. அதற்கு அம்மகளிரே தந்த விடை யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாம் இராசராசன், தஞ்சைப் பெரிய கோயிற்பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கினான் என்று கல்வெட்டுக் கூறும். கோயிலாடல் அன்று மதிப்பிற்குரிய பணியாக விளங்கியமைக்கு இது சான்றாகும்.

பிற்காலத்தே அதே தஞ்சையில், மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் நங்கை, இராதையின் காதலைப் பொருளாகக் கொண்டு 'இராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியம் இயற்றினார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடிய அந்நூலை வீரேசலிங்கம் பந்துலு இழித்துரைத்தார். தேவதாசி மரபில் தோன்றிய பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) அதன் முழுப் பதிப்பை 1910-இல் வெளியிட்டார். நாணம் பெண்டிர்க்கு மட்டுமே உரியதோ, அதனினும் மிகுதியாகப் பாடிய ஆடவர்க்கு அது வேண்டாவோ என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். ஆங்கில அரசு அந்நூலைத் தடைசெய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த 1946–47 காலத்திலேதான் அத்தடை நீங்கியது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதே மரபினரான மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936-இல் வெளிவந்த தம் புதினத்தில் அம்முறையின் கொடுமைகளை எடுத்துரைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். அறியாப் பருவச் சிறுமிக்குப் பொட்டுக் கட்டுதல் அவள் இசைவால் நிகழ்வதன்று என்னும் அவர்தம் கருத்து மறுத்தற்கரியது. 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் அவ்வழக்கத்தை விலக்கிற்று.

ஆயினும், வழக்கத்தின்மீது விழுந்த பழி கலையின்மீதும் படர்ந்தது. சதிர் பரதநாட்டியம் எனப் பெயர் மாறிய காலத்தே சிருங்காரத்தை அடக்க முயன்றோர் பலர். வீணை தனம்மாளின் பெயர்த்தியான பாலசரசுவதி (1918–1984) அதற்கு இசையவில்லை. சிருங்காரம் இழிவன்று, அதுவே பத்தியின் உயர்நிலை என 1975-இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் நிறுவினார்.

பிற நாட்டிலும் இந்நிலை காண்கின்றோம். ஆப்பிரிக்க மரபினரான அமெரிக்க நங்கை காதரின் டன்ஹாம், எயிட்டி நாட்டுச் சமயச் சடங்காடல்களை நேரிற் சென்று பயின்று மேடையேற்றியவர். பருவச் சடங்கைப் பொருளாகக் கொண்ட அவர்தம் ஆடலை 1944-இல் பாஸ்டன் நகரத் தணிக்கையாளர் தடுத்தனர்.

இவற்றால் ஓருண்மை புலனாகும். பொட்டுக் கட்ட மறுத்தவரும், பாட்டை மறைக்க மறுத்தவரும் எதிரெதிர் நின்றாராயினும், தம் உடலுக்கும் குரலுக்கும் பிறர் விதி வகுத்தலாகாது என்னும் ஒரே உரிமையையே வேண்டினர். இருசாராரையும் அவரவர் சொற்கொண்டே வரலாற்றிற் பதித்தல் நம் ஆராய்ச்சியாளர் கடனாம்.