டெமராரா முதல் கென்னிங்டன் ஓவல் வரை: ஆண்ட்ரூ வாட்சனின் கால்பந்து வாழ்வு

1881ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி லண்டன் நகரத்துக் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய ஸ்காட்லாந்து அணி, 6 கோல்கள் போட்டு ஒன்றை மட்டுமே விட்டுக்கொடுத்து வென்றது. தன் சொந்த மண்ணில் இதனினும் பெரிய வித்தியாசத்தில் இங்கிலாந்து இன்றளவும் தோற்றதில்லை. வென்ற அணிக்குத் தலைமை வகித்தவர் ஆண்ட்ரூ வாட்சன் என்னும் 24 வயது இளைஞர். தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள பிரிட்டிஷ் கயானாவிலே பிறந்த கறுப்பினத்தவர். ஒரு தேசத்தின் பிரதிநிதியாகக் கால்பந்து ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்ற சிறப்பு அவருக்கு இன்று வழங்கப்படுகிறது. அச்சிறப்பு உண்மையானதே; எனினும் அதைக் கூறியதோடு அவர் சரித்திரத்தை முடித்துவிடுதல் நியாயமாகாது. ஊதியம் பெறாது ஆடுதலே உத்தமம் என்று விக்டோரியா காலத்து மேன்மக்கள் கொண்டிருந்த கொள்கை எத்தகைய செல்வத்தின்மீது ஊன்றி நின்றது என்பதையும், ஸ்காட்லாந்தில் விளைந்த ஆட்டமுறை தெற்கே எவ்வாறு பரவிற்று என்பதையும் ஒருசேர ஆராய விரும்புவோர்க்கு, வாட்சனின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வாட்சன் 1856ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தார். தந்தை பீட்டர் மில்லர் வாட்சன், கரும்புத் தோட்டங்களால் பெரும் பொருள் ஈட்டிய ஸ்காட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ், அந்நாட்டிலேயே பிறந்த கறுப்பினப் பெண்மணி. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டபோது, உடைமையாளர்களுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அடிமைகளாய் உழைத்தவர்களுக்கோ ஒரு காசும் அளிக்கப்படவில்லை. அவர்கள் தோட்டங்களை விட்டு நீங்கத் தொடங்கவே, அவ்விடத்தை நிரப்பும்பொருட்டு 1838 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1845 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். கயானாவில் 'மதராசிகள்' என்று இன்றும் வழங்கப்படுவோர் அவர்தம் வழித்தோன்றல்களே. வாட்சன் குழந்தையாயிருந்த காலத்தில் டெமராராவின் கரும்பு வயல்களில் நம்மவர் வியர்வையும் சிந்தியது என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற்கொள்வது பொருத்தமாகும்.

சிறுவயதிலேயே தந்தையுடனும் தமக்கையுடனும் அவர் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார். 1869இல் தந்தை இறந்தபோது, பிள்ளைகள் கவலையின்றி வாழ்வதற்குப் போதிய சொத்தை விட்டுச் சென்றார். ஹாலிஃபாக்ஸ் நகரின் ஹீத் பள்ளியிலும், பின்னர் லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியிலும் பயின்ற வாட்சன், 1875இல் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இயற்கைத் தத்துவமும் கணிதமும் பொறியியலும் கற்கச் சேர்ந்தார். ஓராண்டிலேயே அப்படிப்பை விட்டுவிட்டார்; ஆயினும் கிளாஸ்கோவை விடவில்லை. அதுவே அவருக்கு வாய்த்த பேறு என்று கருதுகிறேன். ஏனெனில் அக்காலத்தில் கால்பந்து ஆட்டம் புத்துருவம் பெற்றுக்கொண்டிருந்த நகரம் கிளாஸ்கோவேயாகும்.

இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டமுறை தனிமனிதத் திறமையைப் போற்றுவது. பந்தைப் பெற்றவன் அதைக் காலோடு அணைத்துக்கொண்டு, எதிரிகளைத் தன்னந்தனியே ஊடுருவிச் செல்ல முயல்வான். அவன் தவறவிட்டால் எடுத்துக்கொள்வதற்காகத் தோழர்கள் பின்னே ஓடிவருவார்கள். 1867இல் கிளாஸ்கோவில் தோன்றிய குவீன்ஸ் பார்க் கழகத்தாரோ, பந்தை ஒருவர்க்கொருவர் கடத்தி, வெற்றிடம் பார்த்து முன்னேறும் கூட்டாட்டத்தைப் படிப்படியாக வகுத்தனர். 1872 நவம்பர் 30ஆம் தேதி கிளாஸ்கோவில் நிகழ்ந்த முதல் சர்வதேசப் போட்டியில் ஸ்காட்லாந்துக்காக ஆடிய பதினொருவரும் இக்கழகத்தினரே. உடல் எடையில் தம்மினும் மிகுந்த ஆங்கிலேயரை அவர்கள் ஒரு கோலும் போடவொட்டாமல் தடுத்து, ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தனர். அதன்பின் பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்து கண்ட வெற்றிகள், 1878இல் 7-2 என்ற கணக்கில் பெற்றது உட்பட, இப்புதுமுறையின் பயனாகவே விளைந்தவை.

வாட்சன் முதலில் மாக்ஸ்வெல் கழகத்திலும் பின்னர் பார்க்குரோவ் கழகத்திலும் ஆடினார். பார்க்குரோவில் ஆட்டக்காரராக மட்டுமன்றிப் போட்டிகளை ஏற்பாடு செய்யும் காரியதரிசியாகவும் பணிபுரிந்தார். 1880இல் குவீன்ஸ் பார்க்கில் சேர்ந்து, அடுத்த ஆண்டே அக்கழகத்துக்கும் காரியதரிசியானார். ஸ்காட்லாந்தின் தலைசிறந்த கழகம் தன் நிர்வாகப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்த இச்செய்தி, சர்வதேச ஆட்டங்களைக் காட்டிலும் கனமானது என்பது என் அபிப்பிராயம். ஓர் ஆட்டக்காரனைக் கால்வன்மைக்காக அழைத்துக்கொள்ளலாம், காரியதரிசியையோ நம்பிக்கை ஒன்றைக் கொண்டே தேர்ந்தெடுக்க இயலும்.

அவர் ஆடிய இடம் கோல்காப்பாளருக்கு முன்னே நிற்கும் பின்காப்பு வரிசை. முன்னணியில் அறுவரை நிறுத்தும் அக்கால முறையில், பின்காப்பாளர் இருவர்மீதும் விழுந்த பாரம் மிகப் பெரிது. அவருடைய வேகத்தையும், எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் நேர்த்தியையும், உறுதியான உதையையும் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் ஆண்டு மலர் வெகுவாகப் புகழ்ந்தது. ஓவல் வெற்றிக்கு இரண்டு நாள் கழித்து ரெக்ஸமில் வேல்ஸை 5-1 என்றும், அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹாம்ப்டன் பார்க்கில் இங்கிலாந்தை மீண்டும் 5-1 என்றும் ஸ்காட்லாந்து வென்ற ஆட்டங்களில் அவர் பங்குகொண்டார். மூன்றே சர்வதேச ஆட்டங்கள். அவற்றில் ஸ்காட்லாந்து பெற்ற கோல்கள் 16, கொடுத்தவை 3. குவீன்ஸ் பார்க் 1881, 1882, 1886 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றபோதும் அவர் அணியில் இருந்தார்.

நான்காவது சர்வதேச ஆட்டம் அவருக்கு வாய்க்காமற்போனதற்கு நிறம் காரணமன்று, ஊர் மாற்றமே காரணம். 1882இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். இங்கிலாந்தில் வசிப்போரைத் தேசிய அணிக்கு எடுப்பதில்லை என்ற வழக்கத்தை ஸ்காட்லாந்துச் சங்கம் 1896 வரை கைவிடவில்லை.

லண்டனில் அவர் ஸ்விஃப்ட்ஸ் கழகத்துக்கும், பின்னர் கொரிந்தியன்ஸ் கழகத்துக்கும் ஆடினார். ஸ்காட்லாந்திடம் அடுத்தடுத்துத் தோற்ற அவமானத்தைத் துடைக்கும்பொருட்டு, சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரர்களை ஓரிடத்திற் சேர்த்து ஒன்றாய் ஆடப் பழக்குவதற்காக, லேன் ஜாக்சன் என்பார் 1882இல் நிறுவியதே கொரிந்தியன்ஸ். அக்கழகம் எந்த ஸ்காட்லாந்துக் கூட்டாட்டத்தைக் கற்க விரும்பிற்றோ, அதன் தாயகத்தில் தேர்ந்த வாட்சன் அதன் அணியிலேயே இடம்பெற்றது தற்செயல் ஆகாது. 1884இல், அவ்வாண்டு இங்கிலாந்துக் கோப்பையை வென்றிருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை கொரிந்தியன்ஸ் 8-1 என வீழ்த்திய ஆட்டத்திலும் அவர் இருந்தார்.

கொரிந்தியன்ஸ் பரிசுக் கோப்பைகளுக்காக ஆடுவதில்லை. கூலி வாங்கி ஆடுதலை அவ்வட்டத்தார் இழிவென்று எண்ணினர். ஆனால் லங்காஷயர் ஆலைத் தொழிலாளி, சனிக்கிழமை ஆட்டத்துக்காகத் தன் கூலியை இழந்தால், அன்றைய அடுப்புக்கு யார் பொறுப்பு? அக்கேள்விக்கு விடையாகவே 1885 ஜூலையில் இங்கிலாந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அங்கீகரித்தது. ஊதியத்தை மறுக்கும் உயர்ந்த மனம் பலருக்கு இருந்திருக்கலாம். மறுக்கும் வசதி பரம்பரைச் சொத்துடையோர்க்கே இருந்தது. வாட்சனுக்கு அவ்வசதியைத் தந்த பணம், அவர் தாயின் இனத்தார் பட்ட பாட்டிலிருந்து விளைந்த பணம். அவர் நற்குணத்தையும் ஆட்டத் திறனையும் மனமார வியக்கும் நாம், இவ்வுண்மையையும் அதே கனிவோடு எழுதி வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இடையில் கிளாஸ்கோவுக்குத் திரும்பிக் குவீன்ஸ் பார்க்கில் மீண்டும் ஆடிய அவர், பிற்காலத்தில் லிவர்ப்பூல் சென்று பூட்டில் கழகத்துக்கு ஆடினார்; அங்கேயே தேர்வுகள் எழுதிக் கப்பல் பொறியாளராகிக் கடல்தொழிலில் ஈடுபட்டார். 1921 மார்ச் 8ஆம் தேதி லண்டனை அடுத்த கியூவில் நிமோனியாவால் காலமானார். அவர் ஆஸ்திரேலியாவில் இறந்தார் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது.

இத்துணைப் பிரசித்தி பெற்ற ஒருவர் மறக்கப்பட்டதன் காரணத்தை அமெச்சூர் ஆட்டத்தின் வீழ்ச்சியிலேயே தேடவேண்டும் என்று எண்ணுகிறேன். 1888இல் தொழில்முறைக் கழகங்களின் லீக் தொடங்கிய பின்னர், கால்பந்தின் சரித்திரம் லீக்கின் சரித்திரமாகவே எழுதப்பட்டது. அதனாலேயே, அக்ராவில் பிறந்து 1885இல் டார்லிங்டன் கழகத்தில் சேர்ந்த கோல்காப்பாளர் ஆர்தர் வார்ட்டன், பிரிட்டனின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் என்று பலகாலம் கூறப்பட்டார். வார்ட்டன் முதல் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதே சரி. 1978இல் கறுப்பினத்தவரான விவ் ஆண்டர்சன் இங்கிலாந்து அணியில் ஆடியபோது அதை ஒரு யுகத்தின் தொடக்கமாகக் கொண்டாடிய பத்திரிகைகள், அதற்கு 97 ஆண்டுகளுக்கு முன்பே அதே இங்கிலாந்தை அதன் தலைநகரிலேயே தோற்கடித்த அணிக்குக் கறுப்பினத் தலைவர் ஒருவர் இருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.