துபாய், சிங்கப்பூர்: சென்னையில் இருந்து எது ரொம்ப தூரம்? டிக்கெட்டை பார்த்து ஏமாற வேண்டாம்

சென்னை,

அண்ணன் துபாயில், தம்பி சிங்கப்பூரில் என்று பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இருவரின் விமான டிக்கெட்டையும் ஒன்றாக வைத்து பார்த்தால் தலை சுற்றும்.

துபாய் டிக்கெட்டில் காலை 10 மணிக்கு கிளம்பி பகல் 12.45-க்கு இறங்குவதாக இருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டிலோ காலை 10 மணிக்கு கிளம்பினால் மாலை 4.50 ஆகிவிடும். "துபாய் பக்கத்துலதான் இருக்கு. சிங்கப்பூர்தான் ரொம்ப தூரம்" என்று வீட்டில் முடிவு கட்டி விடுவார்கள்.

ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆகாய மார்க்கமாக சென்னையில் இருந்து துபாய் சுமார் 2,930 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ. நடுவில் எங்கும் இறங்காத விமானம் என்றால் இரண்டு ஊருக்கும் 4 மணி முதல் 4½ மணி நேரம் பிடிக்கும். இங்கிருந்து டெல்லிக்கு ரெயிலில் போகவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

கடிகாரம் செய்யும் வேலை

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊர் கணக்கு. இறங்கும் நேரம் இறங்குகிற ஊர் கணக்கு. துபாய் கடிகாரம் நம்மைவிட 1½ மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சிங்கப்பூர் 2½ மணி நேரம் முன்னால். (1982-க்கு முன்பு இந்த வித்தியாசம் 2 மணி நேரம்தான். அந்த ஆண்டு சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது.)

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். சிங்கப்பூரில் காலை 10 மணிக்கு ஏறினால் 11.30-க்கே சென்னை என்று போட்டிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் யாரும் பறந்து வந்து விடவில்லை! துபாயில் இரவு 10 மணிக்கு ஏறினால் விடிகாலை 3.30.

சவூதி, குவைத், கத்தார் நாடுகளுக்கு வித்தியாசம் 2½ மணி நேரம். மஸ்கட்டுக்கு துபாய் கணக்கேதான். இங்கே இரவு 9 மணிக்கு போன் போட்டால் துபாயில் 7.30. சிங்கப்பூரில் 11.30, மறுநாள் காலை வேலைக்கு போகிறவர் தூங்கி இருப்பார்.

காற்றும் கைகொடுக்கும்

குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக பலத்த காற்று வீசும். துபாயில் இருந்து வரும் விமானத்தை அது பின்னால் இருந்து தள்ளி விடும். போகும்போது எதிர்காற்று. அதனால்தான் போவதைவிட வருவது கொஞ்சம் சீக்கிரம்.

கோட்டை விடுவது இங்கேதான்

டிக்கெட்டில் 15-ந்தேதி 00.30 என்று இருந்தால் பலர் 15-ந்தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். 00.30 என்பது 14-ந்தேதி நள்ளிரவு தாண்டி அரை மணி. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக வரவேண்டும் என்பதால், 14-ந்தேதி இரவு 9.30-க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வெளியூரில் இருந்து பஸ்சில் வருகிறவர்கள் அன்று காலையிலேயே கிளம்பி விடுவது நல்லது.

அழைத்து வர வேன் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. டிக்கெட்டில் உள்ள இறங்கும் நேரம் நம்ம ஊர் நேரம்தான், அதோடு எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். குடியுரிமை சோதனை, சுங்கம், பெட்டி எல்லாம் முடிந்து ஆள் வெளியே வர மேற்கொண்டு ஒரு மணி நேரம் ஆகலாம்.