கரும்பின் இனிப்பை அளந்த கதை

நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே பாரி கம்பெனியார் சர்க்கரை ஆலை தொடங்கியதும், 1981-ல் அது முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்ததும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கரும்பில் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்பதை எப்படி அளந்தார்கள், அந்த அளவு யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு, ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் காலம் தள்ளியவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் தாத்தா காலத்தில் நாக்குதான் கருவி. அடிக்கணுவில் ஒரு கடி, தோகைக்குக் கீழே ஒரு கடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இனித்தால் கரும்பு முற்றிவிட்டது என்று பொருள். முற்றாத கரும்பில் அடி இனிக்கும், நுனி சப்பென்று இருக்கும். பிறகு வந்த கை ரிஃப்ராக்டோமீட்டரும் இதே வேலையைத்தான் செய்தது. கரும்பைத் துளைத்து, ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் பிரிக்ஸ் தெரியும். 18-க்கு மேல் இருந்தால் வெட்டு உத்தரவு கொடுக்கலாம்.

பிரிக்ஸ் மட்டும் பார்த்தால் போதாது. சாற்றில் கரைந்த உப்பு உள்பட எல்லாம் அதில் சேர்ந்துவிடும். ஆலைக்கு வேண்டியது சுக்ரோஸ். அதற்குப் போலாரிமீட்டர். சாற்றில் ஈய உப்பைக் கலந்து வடிகட்டி, தெளிந்ததை நீளக் குழாயில் நிரப்பி, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்போம். அந்த அளவுக்கு 'போல்' என்று பெயர். நூறு பங்கு பிரிக்ஸில் போல் எத்தனை பங்கு என்பதுதான் தூய்மை. 85 இருந்தால் நல்ல கரும்பு. வெட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்த கரும்பைச் சோதித்தால் வேடிக்கையாக இருக்கும். நீர் வற்றியதால் பிரிக்ஸ் ஏறியிருக்கும், தூய்மையோ இறங்கியிருக்கும். சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் போயிருக்கும். நாக்குக்கு அது இனிப்புதான், ஆனால் ஆலையில் சர்க்கரையாகக் கட்டாது.

ரகங்களின் கதை தனி. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில், கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1930-களில் வந்த கோ 419 தென்னாட்டில் வெகுகாலம் கோலோச்சியது. அதன் பிறகு நம் கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் முறை. கோ.க. 671 இங்கே பிறந்த ரகம். 'க' என்றால் கடலூர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. சீக்கிரம் முற்றும், சர்க்கரையும் அதிகம். மகாராஷ்டிரம், குஜராத் வரை போய்க் கொடி நாட்டியது. சொந்த மண்ணில்தான் செவ்வழுகல் நோய் அதைப் படுத்தி எடுத்தது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, சாராய வாடை. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் காணப்படும் கோ 86032-க்கு இந்த 671 ஒரு பெற்றோர் என்பது பலருக்குத் தெரியாது.

இனி காசு விஷயம். 671 போட்டிருந்த என் பெரியப்பா ஒரு நாள் கேட்டார்: "இனிப்பு ஜாஸ்தின்னு உன் மிஷினே சொல்லுது. பக்கத்துக் கொல்லைக்காரனுக்கும் எனக்கும் டன்னுக்கு ஒரே விலைதானேடா? அந்த இனிப்பு எந்தக் கணக்குல போச்சு?"

நியாயமான கேள்வி. மத்திய அரசின் விலை, ஆலை முழுவதற்குமான சராசரிப் பிழிதிறனைப் பார்த்து அமைவது. அடிப்படைப் பிழிதிறன் முன்பு 8.5 சதவீதம், பிறகு 9, 9.5, 10 என்று ஏறி இப்போது 10.25. 2024-25 பருவத்தில் அந்த அளவுக்கு டன்னுக்கு 3,400 ரூபாய், 9.5-க்குக் கீழே போன ஆலைகளுக்கு 3,151. தனி ஒருவர் வயலில் போல் எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. ஆலைக்கு இனிப்பான ரகம் வேண்டும், விவசாயிக்கு எடை கட்டும் ரகம் வேண்டும். இந்த இழுபறியில் விவசாயி எடையின் பக்கம் சாய்ந்தால் அவரைக் குறை சொல்வானேன்?

வேறு ஊர்களில் வேறு விதம். ஐரோப்பாவில் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவில், கசப்பு அமிலத்தை அளந்து அதன் எடைக்கே விலை பேசும் ஒப்பந்தங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒவ்வொரு விவசாயியின் கரும்புக்கும் சர்க்கரை அளவைத் தனித்தனியே பார்த்துப் பணம் தருகிறார்கள். இங்கே சிறு சிறு துண்டு நிலம், சோதனைக்குக் கட்டுப்படியாகாது என்று எங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். அந்தச் சமாதானம் எனக்கு அன்றும் ஒப்பவில்லை. எடைமேடையில் வண்டி வண்டியாகப் பெயர் எழுதி எடை போட முடிந்தவர்களுக்கு, அதே வண்டியிலிருந்து நாலு கரும்பை உருவிச் சாறு பிழிந்து பார்ப்பது ஆகாத வேலையா?