எண் ஒன்று, வண்டி இரண்டு

குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் ஒரு வண்டி யாருடையது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். குதிரையின் நிறமும் வண்டியின் அமைப்பும் ஓட்டுபவரின் முகமும் போதிய அடையாளங்களாக இருந்தன. மோட்டார் வண்டி வந்ததும் இந்த அறிமுகம் அறுந்தது. விரைந்து வந்து மோதிவிட்டுப் புழுதிக்குள் மறைந்துவிடும் பொறியைப் பின்னர் எவ்வாறு இனங்காண்பது? இவ்வினாவிற்குக் கிடைத்த விடையே எண் தகடு. வண்டிக்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரின் வழியாக உடையவரைப் பொறுப்பாளியாக்குவது அதன் நோக்கம். நூறாண்டுக்கும் மேலாக அந்நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியே வந்திருக்கிறது. ஆயினும், ஒருவருடைய எண்ணை மற்றொருவர் திருடித் தம் வண்டியில் பொருத்திக்கொள்ளும்போது, அதே தகடு குற்றமற்றவர்மீது பழி சுமத்தும் கருவியாகிவிடுகிறது. பொறுப்பைச் சுமத்தப் பிறந்த ஒன்று பொய்ப் பொறுப்பையும் அதே எளிமையோடு சுமத்துவது எப்படி நேர்ந்தது என்பதை அறிய, அதன் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

1893ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் பாரிஸ் மாநகரக் காவல்துறைத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் உடையவரின் பெயர், முகவரி, தனி எண் ஆகியவை பொறித்த உலோகத் தகட்டைத் தாங்கவேண்டும். அத்தகடு மறைக்கப்படலாகாது என்பது அவ்வாணை. நெதர்லாந்து 1898இல் நாடு முழுமைக்குமான எண் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1901இல் செய்த ஏற்பாடு சற்று வேடிக்கையானது. உடையவர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாமே தகடு செய்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அது. தோலிலும் மரத்திலும் உலோகத்திலும் அவரவர் விருப்பம்போல் எழுத்துகள் தொங்கின. முதலெழுத்துகள் ஒத்த இருவர் ஒரே ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஆணையிட்டவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரிட்டன் 1903ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தை இயற்றியது. அது 1904ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேக வரம்பை மணிக்கு 14 மைலிலிருந்து 20 மைலாக உயர்த்திய அச்சட்டம், அதற்கு ஈடாகப் பதிவெண்ணைக் கட்டாயமாக்கியது. இச்சட்டத்தின் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கவை. ஒன்று, வண்டியை ஓட்டியவர் யார் என்பதைக் கண்டறிய உதவும் செய்தியை உடையவர் மறைத்தல் குற்றம் என்பது. மற்றொன்று, அடையாள எண்ணைப் போலியாகச் செய்தலும் மோசடியாகப் பயன்படுத்தலும் குற்றம் என்பது. தகடு பிறந்தபோதே அதன் போலியும் பிறக்கும் என்பதைச் சட்டம் வகுத்தோர் உணர்ந்திருந்தனர். இந்த முறையே கடல் கடந்து நீரிணைக் குடியேற்றங்களுக்கும் வந்தது. சிங்கப்பூருக்கு ‘எஸ்’, பினாங்கிற்குப் ‘பி’, மலாக்காவிற்கு ‘எம்’ என்னும் எழுத்துகள் இன்றளவும் அந்த மரபைத் தாங்கி நிற்கின்றன.

ஓடும் வண்டியைப் பிடிப்பதற்காக வந்த எண், நிற்கும் வண்டியைத் தண்டிப்பதற்கும் பயன்படத் தொடங்கியது பிற்காலத்தில்தான். 1935ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் உலகின் முதல் நிறுத்தக் கட்டண மீட்டர் நிறுவப்பட்டது. கடைவீதியில் நாள் முழுதும் வண்டிகளை நிறுத்திவிடுவதால் வாங்க வருவோர்க்கு இடமில்லை என்ற வணிகர்களின் முறையீடே அதற்குக் காரணம். அந்த மீட்டரின் பெயரால் முதலில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு கிறித்துவப் போதகர். மீட்டரில் இடுவதற்குச் சில்லறை மாற்றவே தாம் கடைக்குள் சென்றதாக அவர் விளக்கினார், வழக்குத் தள்ளுபடியாயிற்று.

லண்டனில் மீட்டர்கள் 1958இல் நடப்பட்டன. 1960ஆம் ஆண்டு செப்டம்பரில் போக்குவரத்துக் கண்காணிப்பாளர்கள் சீருடையணிந்து தெருவில் இறங்கினர். முதல் நாளிலேயே அவர்கள் 344 தண்டச் சீட்டுகளை எழுதினர். முதற்சீட்டு, விடுதியொன்றில் மாரடைப்பால் துன்புற்றவருக்கு உதவ விரைந்த ஒரு மருத்துவரின் சிறிய போர்டு காரின்மீது வைக்கப்பட்டது. தண்டம் 2 பவுன். மக்கள் கொதித்தெழுந்தனர், தண்டம் கைவிடப்பட்டது. இரு நகரங்களிலும் முதன்முதலாகத் தண்டம் விதிக்கப்பட்ட இருவருமே விடுவிக்கப்பட்டனர் என்பது சிந்தனைக்குரியது. இருவர் வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்ட மனிதர் நேரில் இருந்தார். அவர் ஏன் அங்கே வண்டியை நிறுத்தினார் என்று கேட்க முடிந்தது. அவரும் விடை சொல்ல முடிந்தது.

அந்த மனிதர் மெல்ல மெல்லச் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்தார். நிறுத்திய வண்டியில் ஓட்டுநர் இருப்பதில்லை; எழுதிய சீட்டு பலமுறை செலுத்தப்படாமலே போயிற்று. ஓட்டியவரைத் தேடி அலைவதைவிட உடையவரைப் பிடிப்பது எளிது. 1974ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உடையவர்மீதே பொறுப்பைச் சாற்ற வழி வகுத்தது. அதே பத்தாண்டில்தான், மாவட்ட மன்றங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடந்த எண்கள் சுவான்சி நகரின் நடுவண் அலுவலகக் கணினிக்குள் குடியேறின. 1991ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வாகன நிறுத்தத் தவறு குற்றவியல் நீதிமன்றத்தினின்று நீக்கப்பட்டு, நகர மன்றங்களின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஓட்டியவர் யார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. ஏட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே செலுத்தவேண்டும். கிடைக்கும் பணமும் மன்றத்தையே சேரும். அதைப் போக்குவரத்துப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்ற வரம்பு மட்டும் உண்டு. தனியார் நிலத்தில் வண்டி நிறுத்துவோர் தொடர்பிலும் 2012ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய பொறுப்பு வண்டியை வைத்திருப்பவரைச் சார்ந்தது.

இவ்வாறு மனிதர் விலகிவிட்ட இடத்தில் எண் ஒன்றே சாட்சியாக நின்றது. சாட்சி தவறினால்?

தவறு இருவகையில் நேரும். முதலாவது, எண்ணைத் தவறாகப் படித்தல். மழையிலும் இருளிலும் 3 என்பது 8 ஆகத் தோன்றும். இதற்குச் சிங்கப்பூர் ஓர் அழகிய காப்பைச் செய்துகொண்டது. அங்குப் பதிவெண்ணின் இறுதியில் வரும் எழுத்து அழகுக்காக அமைந்ததன்று, கணக்கால் அமைந்தது. எடுத்துக்காட்டாக ‘எஸ்.பி.ஏ. 1234’ என்ற எண்ணைக் கொண்டால், முதல் எழுத்தை விட்டு, ஆங்கில அகரவரிசையில் ‘பி’ இரண்டாவது, ‘ஏ’ முதலாவது எனக் கொள்ள வேண்டும். அவற்றை முறையே 9, 4 ஆகியவற்றாலும், நான்கு இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆகியவற்றாலும் பெருக்கிக் கூட்டினால் 52 வரும். அதனை 19ஆல் வகுக்க மீதி 14. அம்மீதிக்கென வகுக்கப்பட்ட எழுத்து ‘ஜி’. ஆகவே முழு எண் ‘எஸ்.பி.ஏ. 1234 ஜி’. யாரேனும் 3ஐ 8 என்று எழுதிவிட்டால் மீதி 10 ஆகிவிடும். அதற்குரிய எழுத்து ‘எல்’. எழுதிய எண்ணும் இறுதி எழுத்தும் பொருந்தா. ஓரிலக்கம் பிறழ்ந்தாலும் எண் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மாணவர்களுக்கு வகுத்தல் மீதியின் பயனை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இரண்டாம் தவறுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஏனெனில் அங்கு எண் தவறாகப் படிக்கப்படவில்லை, சரியாகவே படிக்கப்படுகிறது. வண்டிதான் வேறு. மலேசியாவில் ‘கெரெத்தா குளோன்’ என்று வழங்கும் இந்த மோசடி, பிரிட்டனில் கேமராக்கள் பெருகப் பெருகத் தழைத்தது. எண் தகட்டைத் தானே படிக்கும் கேமராவின் ஆய்வு 1976இல் அந்நாட்டுக் காவல்துறையின் அறிவியல் பிரிவில் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் முதல் மத்திய லண்டனுக்குள் நுழையும் வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 5 பவுன் நெரிசல் கட்டணம் விதிக்கப்பட்டது. அதனை வசூலிப்பதும் அத்தகைய கேமராக்களே. ஒரு போலித் தகடு இருந்தால் கட்டணமும் இல்லை, வேகத் தண்டமும் இல்லை, நிறுத்தத் தண்டமும் இல்லை. எல்லாம் வேறொருவர் வாயிலைச் சென்றடையும். திருட்டு வண்டியை விற்போர்க்கும் இது வசதி. தம்மிடமுள்ள வண்டியைப் போலவே ஆக்கமும் நிறமும் கொண்ட வண்டியொன்றைத் தெருவிலோ விற்பனை விளம்பரத்திலோ கண்டு, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

தகடு கிடைப்பதும் கடினமாக இல்லை. பிரிட்டனில் தகடுகளை அரசு அச்சிடுவதில்லை. உதிரிப்பாகக் கடைகளே செய்து விற்கின்றன. 2003ஆம் ஆண்டு தொடங்கியபோதுதான், வாங்குவோர் தம் அடையாளத்தையும் அவ்வெண்ணின்மீது தமக்குள்ள உரிமையையும் காட்டவேண்டும் என்ற விதி இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்தது. செருமனியில் தகட்டைக் கடைக்காரரே செய்தாலும், பதிவு அலுவலகம் தன் முத்திரையை ஒட்டிய பின்னரே அது செல்லுபடியாகும். பூட்டுச் செய்பவரிடமே சாவியையும் கேட்பவர்க்கெல்லாம் கொடுக்கச் சொன்ன நாட்டில் திருட்டு பெருகியதில் வியப்பொன்றுமில்லை.

இந்நிலையைத் தமிழ் படித்தோர் எளிதில் உணர்வர். பாண்டியன் அவையில் இரு சிலம்புகள் புறத்தோற்றத்தால் ஒத்திருந்தன. ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு கோவலனின் உயிர் பறிக்கப்பட்டது. உடைத்தபின் தெரிந்தது, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் முத்து என்று. மோட்டார் வண்டிக்கும் உள்ளே ஒரு பரல் உண்டு. அதன் சட்டத்தில் பொறிக்கப்பட்ட 17 குறியீடுகள் கொண்ட அடிச்சட்ட எண்ணே அது. இரு வண்டிகள் ஒரே பதிவெண்ணைத் தாங்கலாம். உண்மையான அடிச்சட்ட எண் ஒன்றாக இராது. ஆனால் தெருவோரக் கேமரா அதனைக் காண்பதில்லை. சிலம்பை உடைத்துப் பார்க்க யாரேனும் வேண்டும்.

அந்த வேலை பழி சுமந்தவர் தலையிலேயே விழுகிறது. தவறு நடந்ததை மெய்ப்பிப்பது மன்றத்தின் கடமை என்பது நெறி. நடைமுறையோ வேறு. கண்ணாடியில் ஒட்டப்பட்ட சீட்டைப் போலி வண்டியின் ஓட்டுநர் கிழித்தெறிந்துவிடுவார். 14 நாள்களுக்குள் செலுத்தினால் பாதித் தொகை என்னும் சலுகையும் அத்தோடு கழிந்துபோகும். 28 நாள்களுக்குப் பின்னர் அஞ்சலில் வரும் அறிவிப்பின் வழியாகவே உண்மை உடையவர் செய்தியை அறிகிறார். மறுப்பு எழுத அவருக்கு 28 நாள்கள் உண்டு. வாளாவிருந்தால் தண்டத்தோடு பாதித் தொகை மேலும் கூடும்; பின்னர் வசூல் முகவர்கள் வீடு தேடி வருவர். இதற்கு அஞ்சியோ, சிறு தொகைக்காக அலைவானேன் என்று சலித்தோ, செய்யாத தவற்றுக்குப் பணம் கட்டிவிடுவது பெரும்பிழை. அச்செலுத்துகை ஒப்புதலாகக் கருதப்பட இடமுண்டு. போலித் தகடும் சாலையில் தொடர்ந்து ஓடும்.

பயன் தரும் வழி வேறு. மன்றம் எடுத்த புகைப்படங்களைக் கேட்டுப் பெறவேண்டும். பின்புறக் கண்ணாடியில் ஒட்டிய வில்லை, சக்கரத்தின் வடிவம், கதவிலுள்ள கீறல், தகட்டின் அடியில் விற்றவர் பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வேறுபட்டாலும் அதுவே முத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ள வேறுபாடு. அதே நேரத்தில் தம் வண்டி வேறிடத்தில் நின்றதைக் காட்டும் பணிமனைச் சீட்டோ அலுவலகப் பதிவோ பெருந்துணையாகும். காவல்துறையில் முறையிட்டுக் குற்றப் பதிவு எண்ணைப் பெற்று, அதனை மன்றத்துக்கும் சுவான்சி அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மன்றம் மறுத்தால் சார்பற்ற தீர்ப்பாயத்திற்கு மேலும் 28 நாள்களுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை.

போலியை ஓட்டுபவர் பிடிபடாவிட்டால் ஒரு வழியே எஞ்சும். உண்மை உடையவர் தம் வண்டிக்குப் புதிய பதிவெண்ணைக் கேட்டுப் பெறலாம். தகடுகளை மாற்றவேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். தன் பெயரைத் திருடியவர் இருக்க, திருட்டுக் கொடுத்தவர் தம் பெயரை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு இது. பழைய எண்ணுக்கு, மாற்றத்திற்கு முந்திய நாள்களைக் குறித்த அறிவிப்புகள் அதன் பின்னரும் அஞ்சலில் வரக்கூடும். அவை ஒவ்வொன்றுக்கும் அவர் தனித்தனியே மறுப்பு எழுதியாக வேண்டும்.