நியூட்ரான் கணக்கின் பூர்வ சரித்திரம்

மிகுந்த வேகத்தோடு வரும் ஒரு புரோட்டான் ஈயம் போன்ற கனத்த அணுக்கருவில் மோதினால், அதிலிருந்து எத்தனை நியூட்ரான்கள், எந்தெந்தத் திசையில், எவ்வளவு சக்தியோடு வெளிப்படும் என்பது, 1946-ஆம் ஆண்டின் இறுதியில் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் 184 அங்குல ஸிங்க்ரோசைக்ளோட்ரான் இயங்கத் தொடங்கிய பிறகு பௌதிக விஞ்ஞானிகளால் ஒத்திப்போட முடியாத கேள்வியாயிற்று. அதுவரையில் அணுக்கருவை ஒரே திரளாகக் கொண்டு, உட்புகுந்த துகளின் சக்தி அத்திரள் முழுவதும் பரவிவிடுகிறது என்று கருதுவதே வழக்கம். 1947-இல் ராபர்ட் செர்பர், உயர்ந்த சக்திக்கு அந்தக் கொள்கை பொருந்தாது என்று எடுத்துக்காட்டினார். அவ்வளவு விரைந்து வரும் துகள், கருவினுள்ளே இருக்கும் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் தனித்தனியே சந்திக்கிறது. சிலவற்றைத் தாக்கி வெளியேற்றுகிறது. சில சமயம் எதையும் தீண்டாமலே ஊடுருவிப் போய்விடுகிறது. தாக்குதலெல்லாம் ஓய்ந்த பின், சூடேறி நிற்கும் எஞ்சிய கரு நியூட்ரான்களை ஆவியாக வெளியிட்டுத் தணிகிறது. மிகச் சிறிய கட்டுரையில் அவர் தீட்டிய இந்தச் சித்திரத்தை அடியொற்றியே பின்வந்த கணக்குகள் யாவும் எழுந்தன.

சித்திரம் தெளிவாக இருந்தும் அதைச் சமீகரணங்களால் தீர்ப்பது அசாத்தியமாக இருந்தது. ஏனெனில் ஒவ்வொரு மோதலும் யதேச்சையாக நிகழ்வது. யதேச்சையைக் கொண்டே யதேச்சையைக் கணக்கிடலாம் என்ற யுக்தி அதே சமயத்தில், அணுகுண்டு ஆராய்ச்சியின் நிமித்தம், லாஸ் அலமாஸில் உருவாகிக்கொண்டிருந்தது. நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் சீட்டாட்டத்தைப் பற்றிச் சிந்தித்தபோது உதித்த யோசனை அது. ஜான் வான் நாய்மன் அதை யந்திரத்துக்கேற்ற முறையாக்கினார். நிகோலஸ் மெட்ரோபொலிஸ் அதற்குச் சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரைச் சூட்டினார். 1948-இல் எனியாக் கணிப்பொறியில் அம்முறை முதன்முதலாக ஓடியபோது அதற்கான கட்டளைகளை அமைப்பதில் பெரும்பங்கு ஏற்ற கிளாரா வான் நாய்மனின் பெயரைப் பல வரலாறுகள் விட்டுவிடுவது நியாயமன்று.

ஆனால் செர்பரின் சித்திரத்துக்கு இம்முறையை முதலில் பொருத்தியது எந்த யந்திரமும் அன்று. சிகாகோவில் ஃபெர்மியின் மாணவராயிருந்த மார்வின் கோல்ட்பெர்கர் 1948-இல் அதைக் கையாலேயே செய்தார். அந்த உழைப்பின் தன்மையைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். துகள் கருவின் எந்த இடத்தில் நுழைகிறது, எவ்வளவு தூரம் சென்று மோதுகிறது, மோதியபின் எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்ற ஒவ்வொன்றையும் சோழி குலுக்கிப் போடுவதுபோல் ஒரு தற்செயல் எண்ணைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். மோதலின் பயனாகத் துகள் அடைய வேண்டிய நிலை ஏற்கெனவே வேறொன்றால் நிரம்பியிருந்தால், பௌலியின் விதிப்படி அம்மோதலை நடவாததாகத் தள்ளிவிட்டு மேலே செல்ல வேண்டும். தாக்குண்ட துகளையும் இவ்வாறே அது வெளியேறும்வரையோ, சக்தி குன்றி அடங்கும்வரையோ பின்தொடர வேண்டும். இத்தனையும் செய்தால் முடிவது ஒரே ஒரு துகளின் சரித்திரம். நம்பத்தக்க சராசரிக்கு இத்தகையவை மிகப் பல வேண்டும்.

1958-இல் மெட்ரோபொலிஸும் அவருடைய சகாக்களும் மேனியாக் யந்திரத்தில் இந்தக் கணக்கை விரிவாகச் செய்து, சுமார் 180 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்திவரை கொண்டுசென்றனர். டர்க்கெவிச், ஃப்ரீட்லாண்டர் முதலிய ரசாயன அறிஞர்கள் அக்குழுவில் இருந்தது தற்செயலன்று. மோதலுக்குப்பின் எஞ்சும் தனிமங்களைப் பரிசோதனையில் பிரித்தறிந்தவர்களுக்கே கணக்கைச் சரிபார்க்கும் அவசியம் அதிகமாயிருந்தது. அவர்கள் கருவைச் சீரான அடர்த்தியுள்ள கோளமாகக் கொண்டார்கள். 1963-இல் ஓக் ரிட்ஜைச் சேர்ந்த ஹியூகோ பெர்ட்டினி, மையத்திலிருந்து விளிம்புக்கு அடர்த்தி குறையும் மூன்று அடுக்குகளாக அதைப் பிரித்தார்.

யந்திரத்தின் வேகத்தைக் கண்டு வியப்பவர்கள் செர்பரின் சிறு கட்டுரையை மறந்துவிடுகிறார்கள். என்ன நிகழ்கிறது என்ற தெளிவு அவருடையது, யந்திரம் அந்நிகழ்ச்சியைக் கோடிமுறை நடத்திக் காட்டியது. இன்று செர்ன் முதலிய ஆராய்ச்சி நிலையங்களில் வழங்கும் ஜியான்ட்-4 என்னும் மென்பொருளிலும் இந்த உள்மோதல் கணக்குக்கான ஒரு பகுதி பெர்ட்டினியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.